பத்து நிமிடத் திரைப்பாடம்: கருவிகள் இலவசம், செலவாவது நேரம்

திருவனந்தபுரம்: கணினித் திரையில் நிகழ்வதைக் குரல் விளக்கத்துடன் பதிவு செய்து தொழில்நுட்பம் கற்பிக்கும் 'ஸ்கிரீன்காஸ்ட்' எனப்படும் திரைப்பதிவுகள் இன்று பள்ளி ஆசிரியர் முதல் மென்பொருள் பொறியாளர் வரை அனைவருக்கும் தேவையாகிவிட்டன. அவற்றைத் தயாரிக்கும் மென்பொருள்களில் பெரும்பாலானவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆயினும் ஒரு பத்து நிமிடப் பதிவு பல நாள் உழைப்பைக் கோருகிறது. இந்த உழைப்பைக் கணக்கில் கொள்ளாமல் தீட்டப்படும் திட்டங்கள் பாதியில் நின்றுவிடும் அபாயம் அதிகம். திரைப்பாடம் ஒன்றின் நேரம், கருவிகள், செலவு ஆகியவற்றைக் கேரளத் தலைநகரின் அனுபவப் பின்னணியில் இக்கட்டுரை விளக்குகிறது.

மழையும் வகுப்பும் ஒரே நாளில்

2020 ஜூன் 1-ஆம் தேதி கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதாக இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. கரோனா பொதுமுடக்கத்தால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த நிலையில், அதே நாளில் 'ஃபர்ஸ்ட் பெல்' எனும் பெயரில் இணையவழி, தொலைக்காட்சிவழி வகுப்புகளைக் கேரள அரசு தொடங்கியது. மாநிலக் கல்வித் துறையின் தொழில்நுட்ப நிறுவனமான 'கைட்', தனது விக்டர்ஸ் அலைவரிசை வாயிலாக இவ்வகுப்புகளை ஒளிபரப்பியது. பாடங்கள் பெரும்பாலும் அரை மணி நேர அளவில் அமைந்தன. தமிழ், கன்னட வழி மாணவர்களுக்கும் தனியே வகுப்புகள் தயாரிக்கப்பட்டன.

விக்டர்ஸ் அலைவரிசை அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 2005 ஜூலையில், அப்போதைய குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்களால் திருவனந்தபுரத்தில் தொடங்கி வைக்கப்பட்டதாகும். கல்விக்கெனவே 2004 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஜுசாட் செயற்கைக்கோளைப் பயன்படுத்தி அது இயங்கத் தொடங்கியது. எனவே, பெருந்தொற்றுக் காலத்தில் படப்பிடிப்புக் கூடம், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், ஒளிபரப்பு வசதி ஆகியவை ஓரளவு தயார் நிலையில் இருந்தன.

ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகள் அனைத்தும் திரைப்பதிவுகள் அல்ல. பலவற்றில் ஆசிரியர் படக்கருவி முன் நின்று பாடம் நடத்தினார். எனினும் எழுதித் தயாரித்தல், பதிவு செய்தல், தொகுத்தல், சரிபார்த்தல் என்ற வேலை வரிசை இரண்டுக்கும் பொதுவானது. வகுப்பறையில் அரை மணி நேரம் பேசுவதற்கும், அதே அரை மணி நேரத்தைப் பதிவாகத் தருவதற்கும் இடையிலுள்ள உழைப்பு வேறுபாட்டை ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் அந்த ஆண்டில்தான் முதன்முறையாக உணர்ந்தனர்.

கட்டற்ற மென்பொருளின் நகரம்

திரைப்பதிவுக் கருவிகள் பற்றிய பேச்சு திருவனந்தபுரத்தில் கட்டற்ற மென்பொருளிலிருந்து தொடங்குவது இயல்பே. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் 1990-இல் இங்கு அமைந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் நிறுவனர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 ஜூலையில் இந்நகருக்கு வந்து, அவ்வியக்கத்தின் இந்திய அமைப்பைத் தொடங்கி வைத்தார். கட்டற்ற மென்பொருளுக்கென மாநில அரசு நிறுவிய 'ஐசிஃபாஸ்' மையம் நகரின் காரியவட்டம் பகுதியில் இயங்குகிறது.

பள்ளிகளுக்கான தகவல் தொழில்நுட்பத் திட்டம் 2001-இல் தொடங்கி, 2017-இல் 'கைட்' நிறுவனமாக உருமாறியது. பள்ளிக் கணினிகளுக்கென அந்நிறுவனம் உருவாக்கித் தரும் லினக்ஸ் இயங்குதளத்தில் ஒலிப்பதிவு, காணொளித் தொகுப்பு, அசைவூட்டம் ஆகியவற்றுக்கான மென்பொருள்கள் முன்கூட்டியே நிறுவப்பட்டுள்ளன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவதால் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என 2019-இல் கைட் மதிப்பிட்டது. 2018-இல் தொடங்கப்பட்ட 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்களில் அசைவூட்டம் உள்ளிட்ட துறைகளில் பள்ளி மாணவர்களுக்கே பயிற்சி அளிக்கப்படுகிறது.

அதாவது, கேரளத்தின் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் திரைப்பாடம் தயாரிக்க விரும்பினால், மென்பொருளுக்கென ஒரு ரூபாயும் செலவிட வேண்டியதில்லை. அப்படியிருந்தும் பாடம் தயாராவதில் தாமதம் ஏற்படுவது ஏன் என்பதே இங்கு எழும் கேள்வி.

எழுத்தே முதல் வேலை

இக்கேள்விக்கு விடை தரும் முன்மாதிரி மும்பையில் உள்ளது. மும்பை ஐஐடி பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில், மத்திய அரசின் நிதியுதவியுடன் உருவான 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம், லினக்ஸ், லிப்ரே ஆபீஸ், பைத்தான், சைலேப் உள்ளிட்ட கட்டற்ற மென்பொருள்களைச் சுமார் பத்து நிமிடத் திரைப்பாடங்களாகத் தருகிறது. அவை தமிழ், மலையாளம் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் குரல் மாற்றம் செய்யப்படுகின்றன. கற்பவர் திரையின் ஒரு பாதியில் பாடத்தையும் மறுபாதியில் மென்பொருளையும் திறந்து வைத்து, பார்த்தபடியே செய்து பழக வேண்டும் என்பது அத்திட்டத்தின் கற்பித்தல் முறையாகும்.

அங்கு பதிவுப் பொத்தானை அழுத்துவது வெகு பின்னால் வரும் கட்டமாகும். முதலில் இரண்டு பத்திகள் கொண்ட எழுத்துப்படி தயாராகிறது. இடப்பக்கம் திரையில் என்ன நிகழ வேண்டும் என்பதும், வலப்பக்கம் அப்போது பேச வேண்டிய வாக்கியமும் எழுதப்படுகின்றன. பின்னர் துறை அறிந்தவர் அதைச் சரிபார்க்கிறார். அம்மென்பொருளை அறியாத ஒருவர் எழுத்துப்படியை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகச் செய்து பார்க்கிறார். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே எழுத்து திருத்தப்படுகிறது. 'புதியவர் சோதனை' எனப்படும் இக்கட்டம் முடிந்த பின்னரே பதிவு தொடங்குகிறது.

இதன் பயன் எளிதில் விளங்கக்கூடியது. லிப்ரே ஆபீஸ் கால்க்கில் மதிப்பெண் பட்டியல் தயாரிக்கக் கற்பிக்கும் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். மொத்தத்தைக் கணக்கிடும் சூத்திரத்தை இட்ட பின், அதைக் கீழே உள்ள மாணவர்களுக்கும் இழுத்து நிரப்ப வேண்டும். பழகியவரின் கை அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடும். கட்டத்தின் வலது கீழ் மூலையிலுள்ள சிறு சதுரத்தைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று சொல்ல அவருக்குத் தோன்றாது. புதியவரோ அங்கேயே நின்றுவிடுவார். எழுத்துப்படியில் இக்குறையைத் திருத்த இரண்டு நிமிடம் போதும். பதிவும் தொகுப்பும் முடிந்த பின் திருத்துவதானால் ஒரு மணி நேரம் ஆகும்.

எந்தக் கருவி எதற்கு

திரையைப் பதிவு செய்யும் வசதி பெரும்பாலான இயங்குதளங்களிலேயே இப்போது உள்ளடங்கியிருக்கிறது. விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூல், மேக் கணினிகளில் 2018 முதல் உள்ள திரைப்பதிவுப் பலகை, லினக்ஸில் க்னோம் திரைச்சூழலின் பதிவு வசதி ஆகியவை சிறு பதிவுகளுக்குப் போதுமானவை. திரை, முகம், ஒலி எனப் பல மூலங்களை ஒருங்கே பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டூடியோ பரவலாகப் பயன்படுகிறது. ஒலியைச் செம்மைப்படுத்த ஆடாசிட்டி, படத்தொகுப்புக்குக் கேடென்லைவ் அல்லது ஓப்பன்ஷாட் ஆகியவை உதவுகின்றன. இவை அனைத்தும் கட்டற்ற மென்பொருள்களே.

கட்டளை வரியை மட்டும் கற்பிக்கும் பாடங்களுக்கு ஆஸ்கினிமா எனும் கருவி வேறொரு வழியைத் தருகிறது. அது திரையைப் படமாகப் பதியாமல், தட்டச்சான எழுத்துகளையும் அவற்றின் கால இடைவெளியையும் மட்டும் சேமிக்கிறது. இதனால் கோப்பின் அளவு மிகக் குறைவாக இருக்கும். பார்ப்பவர் கட்டளையை அப்படியே நகலெடுத்துக்கொள்ளவும் முடியும்.

கேம்டேசியா, அடோபி பிரீமியர் போன்ற வணிக மென்பொருள்களுக்கும் இடமுண்டு. பதிவு, சுட்டியைப் பெரிதாக்கிக் காட்டுதல், தொகுப்பு ஆகியவற்றை ஒரே இடத்தில் தருவதால் கேம்டேசியா தொகுப்பு நேரத்தைக் குறைக்க வல்லது. நாள்தோறும் பதிவு செய்யும் நிறுவனத்துக்கு அதன் சந்தா கட்டுப்படியாகலாம். ஆண்டுக்கு ஐந்தாறு பாடம் தயாரிக்கும் ஆசிரியருக்கு அச்செலவு தேவையற்றது.

கருவியைத் தேர்வதில் மற்றொரு சிக்கலும் உள்ளது. லினக்ஸ் இயங்குதளங்கள் பழைய எக்ஸ்11 முறையிலிருந்து வேலேண்ட் எனும் புதிய திரைக்காட்சி முறைக்கு மாறியபோது, முன்பு பெரிதும் பயன்பட்ட ரெக்கார்ட் மை டெஸ்க்டாப் போன்ற பதிவுக் கருவிகள் செயலிழந்தன. எனவே ஒரு பள்ளியோ கல்லூரியோ பாடத் தொடர் ஒன்றைத் தொடங்கும் முன், தொடர் முடியும் வரை இயங்குதளத்தையும் கருவியையும் மாற்றாமல் வைத்திருப்பது நல்லது.

ஒலியே முதல் செலவு

திரையில் எழுத்து சற்று மங்கினாலும் பொறுத்துக்கொள்ளும் மாணவர், குரல் தெளிவில்லாத பாடத்தை உடனே மூடிவிடுவார். ஆகவே பணம் செலவிட வேண்டிய முதல் பொருள் ஒலிவாங்கியாகும். சட்டையில் மாட்டும் சாதாரண ஒலிவாங்கி சுமார் ஆயிரம் ரூபாய்க்கும், கணினியில் நேரடியாக இணைக்கும் மேசை ஒலிவாங்கி சில ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கின்றன.

அதைவிட முக்கியமானது அறை. கேரளத்தின் மழைக்காலத்தில் தகரக் கூரை மீது விழும் மழையின் ஓசையை எந்த மென்பொருளாலும் முழுமையாக நீக்க இயலாது. மின்விசிறியை நிறுத்தினால் வியர்க்கும், ஓடவிட்டால் இரைச்சல் பதிவாகும். சன்னலை மூடி, திரைச்சீலையும் மெத்தையும் உள்ள படுக்கையறையில், போக்குவரத்துக் குறைந்த அதிகாலையிலோ இரவிலோ பதிவு செய்வது செலவில்லாத தீர்வாகும். பேசத் தொடங்கும் முன் பத்து விநாடி அமைதியைப் பதிந்து வைத்தால், அதை மாதிரியாகக் கொண்டு எஞ்சிய இரைச்சலை ஆடாசிட்டி குறைத்துவிடும்.

படத்தையும் குரலையும் தனித்தனியே பதிவு செய்வதும் நேரத்தை மிச்சப்படுத்தும். ஒரே நேரத்தில் தட்டச்சு செய்துகொண்டே பேசும்போது ஒன்றில் நேரும் பிழை மற்றதையும் கெடுக்கிறது. குரலை முதலில் பதிந்துவிட்டு, அதைக் கேட்டபடி திரைச் செயல்களைச் செய்தால், பிழையான பகுதியை மட்டும் மீண்டும் பதிந்துகொள்ளலாம்.

ஒரு பாடத்தின் கணக்கு

செலவைப் புரிந்துகொள்ள ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு உதவும். மேற்கூறிய மதிப்பெண் பட்டியல் பாடம் பத்து நிமிட நீளம் எனக் கொள்ளலாம். பாடத்தின் எல்லையை வகுத்துத் திரையில் ஒத்திகை பார்க்க 2 மணி நேரம். எழுத்துப்படிக்கு 5 மணி நேரம். புதியவர் சோதனைக்கும் திருத்தத்துக்கும் 2 மணி நேரம். குரல், திரைப் பதிவுகளுக்கு 2 மணி நேரம். படத்தொகுப்புக்கு 4 மணி நேரம். தரம் பார்த்துப் பிழையான பகுதிகளை மறுபதிவு செய்ய 2 மணி நேரம். வசன வரிகள் சேர்த்து வெளியிட 1 மணி நேரம். மொத்தம் 18 மணி நேரம் ஆகிறது. பழக்கத்தால் இது குறையலாம், பாடம் கடினமானால் கூடலாம். ஆனால் பதிவுக்கு ஆகும் நேரம் மொத்தத்தில் ஒன்பதில் ஒரு பங்கே என்பது கவனிக்கத்தக்கது.

ஒரு மணி நேர உழைப்பை 300 ரூபாய் என மதிப்பிட்டால், ஒரு பாடத்துக்கு 5,400 ரூபாய் ஆகிறது. பன்னிரண்டு பாடங்கள் கொண்ட தொடருக்கு 216 மணி நேரமும் 64,800 ரூபாயும் தேவை. ஒலிவாங்கிக்கும் காதணி ஒலிபெருக்கிக்கும் ஒருமுறைச் செலவாக 5,000 ரூபாய் ஒதுக்கினாலும், அது உழைப்பின் மதிப்பில் பதின்மூன்றில் ஒரு பங்குதான்.

இந்த 64,800 ரூபாய் பல இடங்களில் எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. ஆசிரியர் பள்ளி முடிந்த பின் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் இதற்கென ஒதுக்கினால், 216 மணி நேரத்தை முடிக்க 108 நாள்கள் வேண்டும். மாதத்துக்கு இருபது வேலை நாள்கள் என்றால் ஐந்து மாதங்களுக்கும் மேலாகிறது. கல்வியாண்டின் பாதி அதற்குள் கடந்துவிடும். கருவி வாங்க நிதி ஒதுக்கி, நேரத்துக்கு ஒதுக்காத திட்டங்களில் ஒலிவாங்கி அலமாரியில் உறங்க, தொடர் நான்காம் பாடத்தோடு நின்றுபோவதற்கு இதுவே காரணமாகிறது.

தமிழுக்கு வரும்போது

ஒரு மொழியில் தயாரான திரைப்பாடத்தை வேறு மொழிக்குக் கொண்டு செல்வது புதிதாகத் தயாரிப்பதைவிடச் சிக்கனமானது. படம் அப்படியே இருக்க, குரல் மட்டும் மாறுகிறது. அதே எடுத்துக்காட்டில் மொழிபெயர்ப்புக்கு 3, குரல் பதிவுக்கு ஒன்றரை, படத்தோடு பொருத்த ஒன்றரை, சரிபார்க்க 1 என 7 மணி நேரம் போதும். மூலப் பாடத்துக்கு ஆன நேரத்தில் இது ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவு.

ஆயினும் இதில் ஒரு நுட்பமான தடை உண்டு. ஆங்கில வாக்கியம் ஐந்து விநாடியில் முடியுமிடத்தில், வேற்றுமை உருபுகளும் வினைமுற்றும் சேர்ந்த தமிழ் வாக்கியம் ஏழு விநாடி எடுக்கலாம். திரையிலோ மெனு அதற்குள் திறந்து மூடியிருக்கும். வினைச்சொல் தமிழில் இறுதியில் வருவதால், 'அழுத்தவும்' என்ற சொல் ஒலிக்கும் முன்னரே பொத்தான் அழுத்தப்பட்டுவிடும். எனவே மொழிபெயர்ப்பாளர் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், திரையின் வேகத்துக்கேற்பச் சுருங்கச் சொல்ல வேண்டியுள்ளது. திரையில் ஆங்கிலத்தில் உள்ள பொத்தானின் பெயரை அப்படியே உச்சரித்து, அதன் பொருளை ஒருமுறை மட்டும் தமிழில் விளக்குவது கற்பவருக்கு எளிது.

மத்திய அரசு 2022 ஜூலையில் தொடங்கிய 'பாஷினி' போன்ற முயற்சிகளால் இயந்திர மொழிபெயர்ப்பும் இயந்திரக் குரலும் இந்திய மொழிகளில் கிடைக்கத் தொடங்கியுள்ளன. இவை மொழிபெயர்ப்புக்கும் குரல் பதிவுக்கும் ஆகும் நேரத்தைக் குறைக்கக்கூடும். சொல்லும் செயலும் திரையில் ஒத்துப்போகின்றனவா எனப் பார்க்கும் மணி நேரம் மட்டும் மனிதரிடமே எஞ்சியிருக்கும்.

காலாவதியாகும் பாடங்கள்

திரைப்பாடத்தின் ஆயுள் அது கற்பிக்கும் மென்பொருளின் ஆயுளைச் சார்ந்தது. பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்தது. அப்பதிப்பில் 'பிரிண்ட்' கட்டளையை அடைப்புக்குறி இன்றியே எழுதலாம். மூன்றாம் பதிப்பில் அவ்வாறு எழுதினால் பிழைச் செய்தி வரும். பழைய பாடத்தைப் பார்த்துப் பயிலும் மாணவர் முதல் வரியிலேயே தோற்றுப்போகிறார். தவறு தம்முடையது என்று எண்ணி அவர் கணினியை மூடிவிடுவதே இதிலுள்ள பெரிய இழப்பாகும்.

லிப்ரே ஆபீஸ் ஆண்டுக்கு இருமுறை புதிய பதிப்பை வெளியிடுகிறது. உபுண்டு லினக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. ஒவ்வொரு மாற்றமும் எல்லாப் பாடங்களையும் செல்லாததாக்குவதில்லை. ஆனால் எவை செல்லாதவை எனக் கண்டறியவே நேரம் வேண்டும். பாடங்களை மூன்று, நான்கு நிமிடத் துண்டுகளாகப் பிரித்து வைப்பது, எழுத்துப்படியையும் மூலக் கோப்புகளையும் பாதுகாப்பது, எந்தப் பதிப்பில் பதிவு செய்யப்பட்டது என்பதைத் தொடக்கத்திலேயே குறிப்பிடுவது ஆகிய மூன்றும் புதுப்பிக்கும் செலவைப் பெருமளவு குறைக்கும். மறுபயன்பாட்டை அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டால், மூலத்தைத் தயாரித்தவர் ஓய்வுபெற்ற பின்னும் வேறொருவர் அதைத் திருத்தி வெளியிட முடியும்.

மாணவர் தரும் விலை

தயாரிப்பவரின் செலவு போலவே பார்ப்பவரின் செலவும் கவனத்துக்குரியது. முழு உயர் தெளிவுத்திறனில் விநாடிக்கு 30 சட்டகங்கள் வீதம் சுருக்காமல் சேமித்தால், பத்து நிமிடப் பதிவு சுமார் 112 ஜிகாபைட் இடத்தை அடைக்கும். சுருக்கும் முறைகளே இதை நடைமுறைக்கு ஏற்றதாக்குகின்றன. விநாடிக்கு 2 மெகாபிட் வீதத்தில் வெளியிட்டால் அதே பாடம் 150 மெகாபைட் ஆகிறது. திரைப்பாடத்தில் படம் பெரும்பாலும் அசைவற்று இருப்பதால், தெளிவுத்திறனைச் சற்றுக் குறைத்து அரை மெகாபிட் வீதத்திலும் வெளியிடலாம். அப்போது அளவு 40 மெகாபைட்டுக்கும் குறைகிறது. பன்னிரண்டு பாடத் தொடருக்கு 1.8 ஜிகாபைட் தேவைப்பட்ட இடத்தில் அரை ஜிகாபைட்டுக்கும் குறைவாகவே தேவைப்படும். அதற்கேற்பப் பதிவின்போதே எழுத்துருவைப் பெரிதாக்கி வைத்தால், சிறிய கைப்பேசித் திரையிலும் படிக்க முடியும்.

இந்த வேறுபாடு எளிய குடும்பங்களுக்குப் பெரிது. ஃபர்ஸ்ட் பெல் தொடங்கிய காலத்தில், தொலைக்காட்சியோ இணைய வசதியோ இல்லாத மாணவர்கள் கேரளத்தில் சுமார் 2.6 லட்சம் பேர் எனக் கண்டறியப்பட்டது. அவர்களுக்காக நூலகங்களிலும் பொது மையங்களிலும் பார்க்கும் வசதி செய்யப்பட்டது. பத்தாம் வகுப்புத் தேர்வை முன்னிட்டு 2021-இல் மீள்பார்வைப் பாடங்கள் ஒலிப்புத்தகங்களாகவும் வெளியிடப்பட்டன. ஒலிக்கோப்பு சிறியது என்பதால் கைப்பேசிகள் வழியே எளிதாகப் பகிர முடிந்தது.

திட்டமிடுவோர் கவனத்துக்கு

திரைப்பாடத் தொடர் ஒன்றைத் தொடங்க எண்ணும் பள்ளி, கல்லூரி, நிறுவனம் எதுவாயினும், முதலில் ஒரே ஒரு பாடத்தை முழுமையாகத் தயாரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆன நேரத்தைக் குறித்து வைப்பது பயன் தரும். அந்த எண்ணைப் பாடங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் தொடரின் உண்மையான செலவு தெரிந்துவிடும். அத்துடன் ஆண்டுதோறும் புதுப்பிப்பதற்கான நேரத்தையும் சேர்க்க வேண்டும். தயாரிக்கும் ஆசிரியருக்கு அந்த மணி நேரங்களைப் பணி நேரமாக அறிவித்து, அவரது பாடவேளையைக் குறைக்க இயலுமானால் தொடர் முடியும். இயலாவிடில், பன்னிரண்டு பாடங்களுக்குப் பதிலாக நான்கு பாடங்களைத் திட்டமிட்டு அவற்றை நிறைவாகச் செய்வதே மேல். பாதியில் நின்ற தொடரில் ஐந்தாம் பாடத்தைத் தேடும் மாணவருக்கு, முதல் நான்கும் இலவசமாகத் தயாரிக்கப்பட்டவை என்பதால் பயனேதும் விளையப்போவதில்லை.